மூன்று ஒட்டும் ஒரு கம்பியும்

பின் டயரில் காற்று இறங்குவதை முதலில் உணர்வது இடுப்புதான். நேர் சாலை, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். வண்டியின் பின்பக்கம் மட்டும் சோம்பல் முறிப்பதுபோல் ஒருமுறை நெளிந்தது. பக்கக் காற்று தள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிடமே மறுபடி நெளிந்தது. சாலையோர மரங்களில் ஓர் இலைகூட ஆடவில்லை. சரி, பஞ்சர்.

ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டேன். பின் பிரேக்கைத் தொடவில்லை. காற்றில்லாத டயரில் பிரேக் பிடித்தால் ரிம் நிற்கப் பார்க்கும், டயர் மட்டும் ரிம்மின்மேல் வழுக்கிச் சுற்றும். உள்ளே இருக்கும் டியூப் அதோடு இழுபட்டு வால்வு வேரோடு பிய்ந்துபோகும். வால்வு பிய்ந்தால் எந்த ஒட்டும் நிற்காது. அதனால் வேகம் தானாகக் குறையும்வரை ஹேண்டிலை நேராகப் பிடித்தபடி உருண்டு வந்து, கடைசியில் முன் பிரேக்கை லேசாகத் தொட்டு ஓரம் கட்டினேன். முன் டயர் இறங்கியிருந்தால் இது அப்படியே தலைகீழ். முன் பிரேக்கை மறந்துவிட்டுப் பின் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டும்.

பின்னால் தன் வண்டியில் வந்துகொண்டிருந்த நண்பன் பக்கத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "சுத்தமா உக்காந்துருச்சுடா."

வீடு 340 கிலோமீட்டர் பின்னால் இருந்தது. எதிரும் புதிருமாக லாரிகள் போயின, ஆள் நடமாட்டம் இல்லை. பொழுது சாய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட அரை மணி போதும் என்று சொன்னேன். எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரம் எங்கே போனது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஒரு சுற்று முடிவதற்குள் அகப்பட்டது: தேய்ந்து பளபளக்கும் ஓர் ஆணித் தலை, டயரின் நடுப்பட்டைக்குச் சற்று ஓரமாக. ஆணியைக் கண்டதும் பிடுங்கத்தான் கை போகும். பிடுங்கிவிட்டால் அந்த இடம் மூடிக்கொள்ளும். அப்புறம் டயரில் எங்கே குத்தியது என்று தேட வேண்டியிருக்கும். எனவே ஆணியை விட்டுவைத்து, அதற்கு நேரே டயரின் பக்கச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஆணியைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டேன். அதுதான் அன்றைய முதல் தவறு, அப்போது அது தவறாகவே தெரியவில்லை.

சீட்டுக்கு அடியில் இருந்த பையைப் பிரித்தேன். கரண்டி முனை போல வளைந்த இரண்டு டயர் லீவர், ஒட்டுத் துண்டுகள் ஆறு, பாதி காலியான சொல்யூஷன் டியூப், உப்புத்தாள் ஒரு துண்டு, வால்வு பின் கழற்றும் சின்னச் சாவி, பேனா வடிவில் ஒரு காற்று அளவுமானி, சைக்கிளுக்கு வரும் சிறிய கைப்பம்ப். பின் ஆக்சிலுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் தனியாக ஒரு துணியில் சுற்றி இருந்தது. வண்டியோடு கொடுத்த டூல் கிட்டில் இருந்த ஸ்பேனர் தகடு மாதிரி வளையும். அதை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். மாற்று டியூப் இல்லை. நெடுந்தூரம் கிளம்புகிறவன் மாற்று டியூப் இல்லாமல் கிளம்பியது சுத்தச் சோம்பேறித்தனம்.

என் வண்டி ஸ்போக் சக்கரம், பின்னால் 100/90-18 டயர். அதாவது டயரின் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 18 அங்குலம். ஸ்போக் ஒவ்வொன்றும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதால் ரிம்மில் காற்று தங்காது, ஆகவே டியூப். நண்பனுடையது அலாய் சக்கரம், டியூப்லெஸ். அவனிடம் இருந்த பஞ்சர் கிட்டில் என் வண்டிக்கு உதவுவது எதுவும் இல்லை, கார்பன் டை ஆக்சைடு அடைத்த இரண்டு 16 கிராம் குப்பிகளைத் தவிர.

சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஓட்டை இருக்கும் இடம் தெரிந்தால் இது நல்ல வழிதான். டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து, அந்த இடத்து டியூபை மட்டும் உருவி, ஒட்டி, திரும்ப உள்ளே தள்ளிவிடலாம். ஆக்சில், செயின், பிரேக் எதையும் தொட வேண்டாம். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. இடப்பக்கம் செயின், அதன் மசகு ஒரு பொட்டு டியூபில் பட்டாலும் ஒட்டுப் பிடிக்காது. வலப்பக்கம் சைலன்சர், ஆறும்வரை காத்திருந்தால் போதும். வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வால்வு பின்னைக் கழற்றி மிச்சக் காற்றை விட்டேன். டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது. அது ரப்பர் போல நீளாது. பிறகு எப்படி அது ரிம்மின் உதட்டைத் தாண்டி வருகிறது? சூட்சுமம் ரிம்மின் நடுவில் இருக்கும் பள்ளத்தில். ஒரு பக்க விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். கம்பி விளிம்பும் பள்ள ரிம்மும் சேர்ந்த இந்த யோசனைக்கு 1890-இல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குச் செய்த காற்று டயரைச் சக்கரத்தோடு ஒட்டித்தான் வைத்திருந்தார்; பஞ்சரானால் மொத்தத்தையும் உரித்தாக வேண்டும். இன்றைக்கும் லீவரைப் போட்டு மூச்சு முட்ட நெம்புகிறவர்கள் மறந்துபோவது இந்தப் பள்ளத்தைத்தான். லீவர் நகரவில்லையா, பலம் போதவில்லை என்று எண்ணவே வேண்டாம். எதிர்ப்பக்கம் விளிம்பு பள்ளத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

முழங்காலால் அழுத்தி, விளிம்பைச் சுற்றிலும் ரிம்மிலிருந்து விடுவித்தேன். குளிப்பதற்குக் கொண்டுவந்த ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து ஓரமெல்லாம் தடவினேன். வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் தடித்த அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே விளிம்பு பள்ளத்தில் இறங்காது. எனவே கழற்றும்போது வால்வுக்கு அருகில் நெம்ப ஆரம்பித்து, அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்தில் தள்ளிவைக்க வேண்டும். மாட்டும்போது வால்வில் வந்து முடிக்க வேண்டும். முதல் லீவரைக் கொக்கி போட்டதுபோல் நிறுத்தி, ஒரு சாண் தள்ளி இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவது நெம்பலில் விளிம்பு தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

சாக்பீஸ் கோட்டுக்கு நேரே டியூபை உருவினேன். ஓட்டை இல்லை. துடைத்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், இல்லை. வால்வு பின்னைத் திரும்ப மாட்டிக் கொஞ்சம் காற்றடித்து, டியூபை முகத்துக்கு அருகில் நகர்த்திக்கொண்டே போனேன். கைவிரலுக்குத் தெரியாத காற்று ஈரமான உதட்டுக்கும் மூடிய இமைக்கும் தெரியும். ஆணி இருந்த இடத்திலிருந்து சுமார் ஒன்றரைச் சாண் தள்ளி, இமைமேல் குளிர்ந்த ஊசி மாதிரி ஒன்று பட்டது. எச்சில் வைத்ததும் குமிழி வந்தது.

ஆணி அங்கே, ஓட்டை இங்கே. ஏன் என்று நின்று யோசித்திருக்க வேண்டும். காற்றிறங்கி ஓடியபோது டியூப் நகர்ந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

ஒட்டுவதில் அவசரப்பட்டால் எப்படி ஆகும் என்பதை முன்பே அனுபவித்திருந்ததால் அதை மட்டும் பொறுமையாகச் செய்தேன். ஓட்டையைச் சுற்றி, ஒட்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, உப்புத்தாளால் தேய்த்தேன். டியூபின் மேல் இருக்கும் கருப்புப் பளபளப்பு முழுதாகப் போய், மங்கிய சாம்பல் நிறம் வர வேண்டும். என் ஓட்டைக்குப் பக்கத்திலேயே வார்ப்புக் கோடு ஒன்று ஓடியது, மெல்லிய வரப்பு மாதிரி. அதைத் தரைமட்டமாகத் தேய்க்காவிட்டால் ஒட்டுக்கும் டியூபுக்கும் நடுவே அந்த வரப்போரமாகக் காற்று ஊர்ந்து வெளியே வந்துவிடும். தேய்த்த தூளைச் சுத்தமான துணியால் துடைத்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பரப்பினேன். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அழுத்துவதுதான் பலரும் செய்வது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் மிச்சமிருக்கும் படலமும் ஒட்டின் அடிப்பகுதியும் ஒன்றோடொன்று வினைபுரிந்து ரப்பரோடு ரப்பராகப் பிணையும். ஓரத்தில் விரல் முட்டியால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. ஐந்து நிமிடம். சாலையோரத்தில் சும்மா நிற்கும் ஐந்து நிமிடம் மிக நீளமானது.

அந்த ஐந்து நிமிடத்தில் நண்பன் தன் டியூப்லெஸ் பெருமையைப் பாடினான். அவனுக்குச் சென்ற ஆண்டு நடந்தது எனக்கும் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆணியைக் குறடால் பிடுங்கி, அதே சாய்வில் அரம் போன்ற துளைக்கம்பியை விட்டு நாலைந்து முறை ஏற்றி இறக்கி, காதுள்ள ஊசியில் பசைபிடித்த ரப்பர் கயிற்றைக் கோத்து, சொல்யூஷன் தடவி, கயிற்றின் வால் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்வரை குத்தி, ஊசியைச் சட்டென்று உருவினான். மிச்ச வாலை வெட்டி, காற்றடித்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டான். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அது தரையைத் தொடும் பட்டையில் உள்ள சின்ன ஓட்டைக்கு மட்டுமே சரி. பக்கச் சுவர் ஓடும்போதெல்லாம் மடங்கி விரிகிற பகுதி. அங்கே கயிறு தங்காது. சாலைக் குழியில் விழுந்து ரிம் நெளிந்தாலும் அவன் கிட் கைகொடுக்காது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "உன் டயர் முதல்ல நிக்கட்டும்" என்றான்.

ஒட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு லீவரின் முதுகால் தேய்த்து அழுத்தினேன். டியூபை உள்ளே தள்ளி, விளிம்பை ஏற்றி, ஆணியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பம்பை எடுத்தேன்.

இந்தப் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த டயருக்குள் சுமார் 11 லிட்டர் இடம் இருக்கும் என்பது நான் போட்ட கணக்கு. தேவையான அழுத்தம் 32 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 2.2 பார். அப்படியானால் வெளியிலுள்ள காற்றை சுமார் 24 லிட்டர் உள்ளே திணிக்க வேண்டும். என் பம்ப் ஒரு அடிக்குத் தள்ளுவது 80 மில்லிலிட்டர்தான் இருக்கும். 310 அடி அடித்தேன். 200-க்கு மேல் பம்பின் அடிப்பகுதி தொட முடியாமல் சுட்டது.

ஆறு கிலோமீட்டர் ஓடியது. பிறகு அதே நெளிவு.

இந்த முறை நண்பன் எதுவும் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான். நான் பையிலிருந்து ஆணியை எடுத்துப் பார்த்தேன். முழு நீளமும் 8 மில்லிமீட்டர். டயரின் நடுப்பட்டையில் ரப்பரும் நூலடுக்கும் சேர்ந்து அதைவிடத் தடிமன். அந்த ஆணி டியூபைத் தொட்டதே இல்லை. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ, யாருக்கும் கெடுதல் செய்யாமல்.

இனி சக்கரத்தைக் கழற்றாமல் முடியாது. டயரின் உட்புறம் முழுவதையும் பார்த்தாக வேண்டும். தொடுவதற்கு முன் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். பிரேக் ராடின் முனையில் உள்ள நட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் சின்ன உருளையையும் தொலையாமல் அதே ராடில் கோத்து, நட்டைத் திரும்பப் போட்டுவைத்தேன். பிரேக் கட்டைகளைத் தாங்கும் மூடித்தட்டு சுற்றாமல் பிடித்திருக்கும் தாங்குகம்பியின் நட்டுக்கு, அது கழலாமல் இருக்க, ஒரு காட்டர் பின். அது நிமிர்த்தியதும் உடைந்தது. ஆக்சில் நட்டைத் தளர்த்த ஸ்பேனர்மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. ஆக்சிலை உருவியதும், சக்கரத்தின் இடைவெளியை நிரப்பி நிற்கும் வலப்பக்கத்து இடைபுஷ் 'டங்' என்று புல்லில் விழுந்தது. என் வண்டியில் சக்கரம் வெளியே வந்தாலும் செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் செயினும் வண்டியிலேயே நின்றுகொள்ளும். எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. மட்கார்ட் இடித்ததால் நண்பன் எழுந்து வந்து வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க, சக்கரத்தை உருட்டி வெளியே எடுத்தேன்.

டியூபை முழுதாக உருவிக் காற்றடித்துப் பார்த்தேன். என் ஒட்டு அப்படியே இருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு நகக்கண் தூரத்தில் புது ஓட்டை.

இங்கேதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். டயரின் ஒரு விளிம்பு இன்னும் ரிம்மில்தான் இருந்தது. ரிம்மில் வால்வுத் துளை இருக்கும் இடத்தில் டியூபின் வால்வை வைத்து, டியூப் உள்ளே எந்த வாட்டத்தில் இருந்ததோ அதே வாட்டத்தில் சக்கரத்தின்மேல் வட்டமாகப் படுக்க வைத்தேன். டியூபில் எங்கே ஓட்டையோ, டயரில் அதற்கு நேரேதான் குற்றவாளி. டியூபின் வெளிப்புறத்தில் ஓட்டை என்றால் டயரில் தேட வேண்டும். ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால் ரிம் பட்டையைத் தூக்கி, ஸ்போக் முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு வெளிப்புறம். அந்த இடத்தில் டயருக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரலால் தடவினால் விரல் கிழியும். நண்பனின் பனியன் துணி ஒன்றை வாங்கி மெல்லத் தேய்த்தேன். மூன்றாவது தேய்ப்பில் ஒரு நூல் மாட்டிக்கொண்டது.

வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தால், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த எஃகுக் கம்பி. உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளியே அதற்குத் தலையே இல்லை. பட்டையின் வெட்டுப் பள்ளத்துக்குள் ரப்பரோடு ரப்பராக மறைந்திருந்தது. ஓடும்போது டயர் தரையில் அழுந்தும் ஒவ்வொரு சுற்றிலும் இது ஊசி போல ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறது. லாரி டயர் வெடித்துச் சாலையில் துண்டு துண்டாகக் கிடக்குமே, அதன் உள்ளடுக்கிலுள்ள எஃகு இழைகள் இப்படித்தான் பிரிந்து கிடக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியோட்டினால் அவற்றின்மேல் ஓட்டாமல் இருக்க முடியாது. குறடுக்குப் பிடி கொடுக்கவில்லை; லீவரின் முனையால் உள்ளிருந்து வெளியே தள்ளி, நகவெட்டியால் கவ்வி இழுத்தேன். ஒரு சென்டிமீட்டர் நீளம். பிறகு டயரின் உட்புறம் முழுவதும் இரண்டு முறை அந்தத் துணியை ஓட்டினேன்.

பழைய ஒட்டின் ஓரத்தோடு சேர்ந்துதான் புது ஒட்டைப் போட வேண்டியிருந்தது. ஒட்டின்மேல் ஒட்டு ஏறினால் அந்தப் படியில் காற்று வழி கண்டுபிடிக்கும். ஆகவே பழைய ஒட்டின் மெல்லிய ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கிய பிறகே சொல்யூஷன் தடவினேன். மறுபடி ஐந்து நிமிடம். டியூப் பிடித்துக்கொண்டது.

இப்போது எனக்கு ஒரே மகிழ்ச்சி. மகிழ்ச்சியில் டயரை வேகமாக ஏற்றினேன். கடைசி ஒரு சாண் விளிம்பு உள்ளே போக மறுத்தது. ஷாம்பூத் தண்ணீர் காய்ந்திருந்தது. மறுபடி தடவச் சோம்பல். எதிர்ப்பக்கம் பள்ளத்தைவிட்டு ஏறியிருந்தது, பார்க்கவில்லை. லீவரை ஆழமாக விட்டு ஒரே நெம்பாக நெம்பினேன், போய்விட்டது. அறுபது அடி அடித்த பிறகும் டயர் மெத்தென்றே இருந்தது. காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

திரும்பக் கழற்றியபோது டியூபில் பக்கத்துப் பக்கமாக இரண்டு சிறிய கீறல்கள், பாம்பு கடித்த மாதிரி. லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மடிந்து மாட்டினால் வரும் கடி அது. பள்ளத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன், அதைக் கண்டுபிடித்தவர் பெயர் வரை தெரிந்தவன், அதைப் பார்க்காமல் நெம்பியதால் வந்த கடி. இரண்டு கீறலையும் மூடும்படி ஒரு நீள ஒட்டு. சொல்யூஷன் டியூபைப் பல் துலக்கும் பேஸ்ட் போல அடியிலிருந்து உருட்டிப் பிதுக்கியதில் கடைசிச் சொட்டு வந்தது. இதுவும் போனால் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை.

கடைசி முறை மாட்டியதைத்தான் இனி எப்போதும் செய்யப் போகிறேன். டியூபில் இரண்டு மூன்று அடி காற்று மட்டும் விட்டேன், மடிப்பு விழாமல் வட்டமாக நிற்கும் அளவுக்கு. அதை உள்ளே சீராகப் படுக்கவைத்து, வால்வில் நட்டை இரண்டு திருகு மட்டும் போட்டேன். வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, முழங்காலை வைத்து விளிம்பைப் பள்ளத்துக்குள் அழுத்தியபடியே இரு பக்கமும் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்தேன். கடைசிச் சாணில் நண்பனை எதிர்ப்பக்கத்தில் இரண்டு முழங்காலும் வைக்கச் சொன்னேன். லீவரை எடுக்கவே இல்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளியதில் 'சளக்' என்று போனது. முடிந்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி விட்டேன், அதன் தடித்த அடிப்பகுதி விளிம்புக்கு அடியில் சிக்கியிருந்தால் விடுபடட்டும் என்று.

குப்பிகளை உடனே போடவில்லை. முதலில் முப்பது அடி பம்ப் அடித்து, ஐந்து நிமிடம் காது வைத்துக் கேட்டோம். சத்தமில்லை. அப்புறம்தான் குப்பிகள். 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு விரிந்தால் ஏறக்குறைய 9 லிட்டர் வரும். இரண்டும் சில நொடிகளில் காலி. குப்பியின் கழுத்தில் வெள்ளையாகப் பனி படிந்தது, துணி இல்லாமல் பிடித்திருந்தால் தோல் ஒட்டியிருக்கும். அளவுமானி 25 காட்டியது. மிச்சத்தைப் பம்பால் ஏற்றி 32-க்குக் கொண்டுவந்தேன். டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். சக்கரத்தைச் சுற்றினால் அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே புதைந்திருந்தது. ஷாம்பூத் தண்ணீர் விட்டுத் தரையில் இரண்டு முறை தட்டியதும் 'டப்' என்று ஏறியது.

சக்கரத்தை மாட்டியபோது போன் படம் உதவியது. இடைபுஷ்ஷின் தடித்த பக்கம் எந்தப் பக்கம் என்று இருவருக்கும் இரண்டு கருத்து இருந்தது. தாங்குகம்பி நட்டை மறக்காமல் இறுக்கி, உடைந்த காட்டர் பின்னுக்குப் பதிலாகப் பையிலிருந்த மெல்லிய கம்பியை முறுக்கிவிட்டேன். அந்த நட்டு அவிழ்ந்தால், பிரேக் பிடிக்கும்போது மூடித்தட்டும் சக்கரத்தோடு சுற்றும். விளைவை நினைக்கவே வேண்டாம். பிரேக் ராட் நட்டைப் பழைய தேய்மானம் தெரிந்த இடம்வரை திருகி, மிதியில் இரண்டு விரற்கடை தளர்வு வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் மிதித்துப் பார்த்த பிறகே ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன்.

50-க்கு மேல் போகவில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் ஒருமுறை, பதினைந்தாவதில் ஒருமுறை நிறுத்திக் கையை ரிம்மிலும் டயரிலும் வைத்துப் பார்த்தேன். அன்று இரவு அளந்தபோது 31. காலையில் 27. மூன்று ஒட்டில் எது கசிகிறது என்று பதறினேன். கார்பன் டை ஆக்சைடு சாதாரணக் காற்றைவிட வேகமாக ரப்பர் வழியே ஊடுருவிப் போகும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. முழுவதையும் இறக்கி வெறும் காற்றை நிரப்பினேன். அதன்பிறகு ஊர் வந்து சேரும்வரை இறங்கவில்லை.

வீட்டில் டியூபைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது ஒட்டுகள் டியூபோடு ஒன்றிப்போயிருந்தன. முதல் ஒட்டின் ஒரு ஓரம் நகத்தால் நிமிண்டினால் எழுந்தது. அங்கே என் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. ஐந்து நிமிடம் முடியும் முன் 'காய்ந்துவிட்டதா' என்று தொட்டுப் பார்த்த இடம். புது டியூப் போட்டாயிற்று. வால்வு நட்டை இப்போது ரிம்மோடு இறுக்குவதில்லை, மேலே ஏற்றி மூடியோடு நிறுத்திவைக்கிறேன். டயரும் டியூபும் ரிம்மில் நகர்ந்தால் வால்வு சாய்வது கண்ணுக்குத் தெரியும்.

பையிலும் மாற்றம். உடைக்காத சிறிய சொல்யூஷன் இரண்டு, ஏனென்றால் ஒருமுறை மூடி திறந்தது சும்மா வைத்தாலே காய்ந்துபோகும். மாற்று டியூப் ஒன்று, முகப்பவுடர் தூவி, பழைய துணிப்பையில். காட்டர் பின் நாலு. நகவெட்டி. அந்தப் பனியன் துணி. மூன்று ஒட்டுப் போட்ட பழைய டியூபை விரல் அகலத்துக்கு வளையங்களாக வெட்டிவிட்டேன். லீவர், பம்ப், ஸ்பேனர் எல்லாவற்றையும் சத்தம் போடாமல் கட்டிவைக்க அதைவிட நல்ல ரப்பர் பட்டை கிடையாது. ஒட்டு இருந்த துண்டை மட்டும் நண்பன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான், எதற்கென்று சொல்லவில்லை.